லேத் பெட் வளையவில்லை

இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். மேலதிகாரி மேசைமேல் ஒரு போட்டோவை வைத்து, "கண்ணால பாத்தும் இல்லைங்கறீங்களா?" என்று கேட்டால் என்ன செய்வது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். அதில் நான் பாதி தப்பும் பாதி சரியுமாக நடந்துகொண்டவன். தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வருடத்தைச் சரிசெய்துவிடலாம். எங்கள் தொழிற்சாலைக்கு டிஜிட்டல் கேமரா வந்தது 1998இல் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். கிடையாது. 1999 பிப்ரவரி, என் டைரியில் இருக்கிறது. துடியலூர் தாண்டி உள்ளே தள்ளியிருந்தது எங்கள் தொழிற்சாலை. லேத் மெஷின் செய்தோம். ஜெனரல் மேனேஜர் வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வரும்போது அந்தக் கேமராவைக் கையோடு வாங்கிவந்தார். அந்த வகையில் அன்று கிடைத்ததிலேயே உசத்தியானது என்று பெட்டியைப் பிரிக்கும்போதே மூன்று முறை சொன்னார்.

வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் உலோக உடம்பு, கனம் அதிகம்; சட்டைப் பையில் போட்டால் பை தொங்கிவிடும். இரண்டு மெகாபிக்சல். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது பெரிய விஷயம். மூன்று மடங்கு ஜூம். ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் நாமே வைத்துக்கொள்ளலாம். நான் மயங்கியது அதன் கிட்டப் பார்வையில்தான். இரண்டு விரல்கடைத் தூரத்தில் வைத்து எடுத்தால், இரும்பைச் சுரண்டும் ஸ்கிரேப்பர் போட்ட தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். அதற்கு முன்பெல்லாம் வார்ப்பில் ஒரு விரிசலைக் காட்ட வேண்டுமென்றால் பிலிம் ரோல் போட்டு, முப்பத்தாறையும் எடுத்துத் தீர்த்து, டவுனில் ஸ்டுடியோவில் கொடுத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இது உடனே காட்டியது.

தொல்லைகளும் இருந்தன. நான்கு பென்சில் செல் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பின்பக்கத் திரை வெயிலில் தெரியாது. தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பார்ப்பேன். பொத்தானை அழுத்தி, அது யோசித்து, பிறகுதான் எடுக்கும். ஒரு படத்தைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் இறக்குவதற்குள் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடலாம். எட்டு பக்க இங்கிலீஷ் கையேட்டை நான்கு தடவை படித்தேன். கேமரா என் பொறுப்புக்கு வந்தது அதனால்தான். என்னைத் தவிர யாரும் அதைப் படிக்கவில்லை.

இனி ஜூன் மாதத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. வெளிநாட்டு வாங்குநர் ஒருவருக்கு ஐந்து மெஷின் ஆர்டர். அதில் முதலாவது தயாராகி லாரி ஏறக் காத்திருந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பூஜை போடாமல் ஒரு மெஷினும் வாசல் தாண்டாது. மெஷின் மொத்தத்தையும் தாங்கும் ஒன்பது அடி நீள வார்ப்பிரும்பு பெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, தலைப்பக்கம் ஹெட்ஸ்டாக்கில் மாலை போட்டு, காலடியில் எலுமிச்சை வைத்து, ஒரு படம் எடுத்துக்கொள்வோம். சுவரில் கம்பெனி பெயர்ப் பலகை இருக்கிறதே, அது படத்தில் விழுந்தே ஆக வேண்டும். போர்டு இல்லாத பூஜைப் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது.

அந்த இடமோ குறுகலானது. ஸ்டோர் ரூம் கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்போதும் ஒன்பது அடி அடங்கவில்லை. ஜூமை அகலத்தின் கடைசிக்கே தள்ளினேன். போர்டுக்காகக் கேமராவை அண்ணாந்து பிடித்தேன். மேல் ஓரத்தில் போர்டு, கீழ் ஓரத்தில் லேத் பெட், நடுவில் வெறும் சுவர். எல்லாருக்கும் படம் பிடித்துப்போனது.

அன்று மாலையே மெஷின் பெட்டியில் அடைபட்டுக் கொச்சித் துறைமுகத்துக்குக் கிளம்பியது. வாங்குநர் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டோடு ஒரு படமும் கேட்டிருந்தார். ஆபீசில் ஈமெயில் அனுப்புகிற அம்மணி கம்ப்யூட்டரில் இருந்ததிலேயே அழகான படம் எது என்று தேடிப் பூஜைப் படத்தை எடுத்தார். இதை அனுப்பட்டுமா என்று என்னைக் கேட்டார். அனுப்புங்க என்றேன். இது என் முதல் தப்பு. சாமி கும்பிட எடுத்த படத்தை அளவு காட்டும் படமாக அனுப்பினேன்.

பதினைந்தாம் தேதி, செவ்வாய், வாங்குநரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. உங்கள் படத்திலேயே பெட் நடுவில் தொங்குகிறது. கப்பலில் ஏற்ற வேண்டாம். இதற்கு யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஐந்து மெஷினும் ரத்து.

ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தப் படத்தின் பிரிண்ட் கிடந்தது. அதன்மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் காட்டினார். இரண்டு முனையிலும் ஸ்கேல் பெட்டைத் தொட்டது. நடுவில் பெட் கீழே இறங்கியிருந்தது. யாருக்கும் தெரிகிற பள்ளம். ரிப்போர்ட்டில் நேராக இருக்கிறது என்று என் கையெழுத்து இருந்தது.

பதில் கடிதத்தை அவர் ஏற்கெனவே தயார்செய்திருந்தார். பெட்டைச் சீவி நேராக்கும் பிளேனிங் மெஷின் ஆபரேட்டரின் கவனக்குறைவு; ஆபரேட்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்; புது பெட் செய்து தருகிறோம். அதோடு நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறு ஆய்வில் பள்ளம் தெரியவந்தது என்று.

ஆபரேட்டர் கிட்டுச்சாமி. கிணத்துக்கடவிலிருந்து இரண்டு பஸ் மாறி, நகரத்தைக் குறுக்கே தாண்டி வருவார். ஏழரை மணி சங்குக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. அந்த ஒரே பிளேனரில் பத்தொன்பது வருடம் நின்றவர். ஐம்பதைத் தொடப்போகிற வயதில், பெட்டைக் கெடுத்தவன் என்ற பெயரோடு வெளியே அனுப்பினால் கோயமுத்தூரில் எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்காது. இரண்டு பெண்களும் அப்போதுதான் காலேஜில் இருந்தார்கள்.

இப்போது என் இரண்டாவது தப்பு. இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. நான் படத்தை நம்பினேன். என் கையால் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்கிற நேர்க்கட்டையை வைத்து அளந்து, அதன் அடியில் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டவன் நான். அதை விட்டுவிட்டு ஒரு காகிதத்தை நம்பினேன். படத்தில் தெரிந்த பள்ளம் நிஜத்தில் அரை அங்குலத்துக்கு வரும். அரை அங்குலம் தொங்குகிற பெட்டில், அதன்மேல் நகர வேண்டிய கேரேஜ் ஓடவே ஓடாது. அந்த மெஷினோ ஒரு நாள் முழுக்க டிரையல் ஓடியிருந்தது. இதெல்லாம் பிறகுதான் உறைத்தது. அந்த நிமிஷத்தில் பிரிண்டை எடுத்துக்கொண்டு நேராகப் பிளேனருக்குப் போய், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க என்று கேட்டுவிட்டேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

கிட்டுச்சாமி மெஷினை நிறுத்தினார். காட்டன் வேஸ்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"தொங்குதுங்க," என்றார். "நல்லாவேதான் தொங்குது."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க சார், மேல நம்ம கம்பெனி போர்டு எதுக்குங்க கூன் போட்டுக்கிட்டு நிக்குது? அதையும் நாந்தான் பிளேன் பண்ணிப்போட்டனுங்களா?"

பக்கத்து டிரில்லிங் மெஷின்காரர் சிரித்தது காதில் விழுந்தது. நான் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். போர்டின் மேல்விளிம்பு நடுவில் மேலே புடைத்திருந்தது. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். போர்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அதற்குக் கீழே பல வருடம் நடந்திருக்கிறேன்.

உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒளியியல் பற்றி ஒரு தடிப் புத்தகம் வாங்கி, முழுதாகப் படித்து, குறிப்பும் எடுத்து வைத்திருந்தவன் நான். அகலக் கோண லென்ஸ், ஓரத்தில் விழுகிற நேர்கோட்டைப் பீப்பாய்ப் பலகை மாதிரி வெளிப்பக்கம் புடைக்க வைக்கும் என்று அதில் படம் போட்டிருக்கும். கீழ் ஓரத்தில் கோடு கீழே தொங்கும், மேல் ஓரத்தில் மேலே கூனும். இதையெல்லாம் படித்திருந்தேன். ஆனால் அந்தப் படத்தில் இருந்த போர்டைப் பார்க்கக் கிட்டுச்சாமி சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, புதன். அதே ஆர்டரின் இரண்டாவது பெட் லெவலிங் பிளாக்கின்மேல் இருந்தது. முதலில் கிட்டுச்சாமியும் நானும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்தோம். இருந்ததிலேயே மெல்லிய ஃபீலர் கேஜ்கூட நுழையவில்லை. அதற்குப் பிறகுதான் கேமராவைத் தொட்டேன். அதே கம்பியில் முதுகை ஒட்டி, ஜூமை அதே அகலத்தில் வைத்து மூன்று படம். பெட் கீழ் ஓரத்தில் விழுகிற மாதிரி ஒன்று: தொங்கியது. நடுவில் விழுகிற மாதிரி ஒன்று: நேராக இருந்தது. மேல் ஓரத்தில் ஒன்று: கூன் போட்டது. அரை மணி நேரத்தில் ஒரே இரும்பு குழிந்து, நிமிர்ந்து, மேடாகிவிட்டது.

கம்ப்யூட்டர் திரையில் மூன்றையும் கிட்டுச்சாமிக்குக் காட்டினேன். "இப்ப எனக்கு மூணு மெமோ வருமுங்களா?" என்று கேட்டார்.

பிறகு ஷட்டர் கதவைத் தூக்கிவிட்டு வெளியே முற்றம் வரை பின்னால் போய், ஜூமைப் பாதிக்கு இழுத்து எடுத்தேன். பெட்டை எந்த ஓரத்தில் வைத்தாலும் அசையவில்லை. அந்த லென்ஸின் குணம் எனக்கு முழுதாகப் பிடிபட்டது அன்றுதான். நடுப்பகுதியில் அதற்கு இணையே இல்லை; வெர்னியர் கோடுகளை எண்ணலாம். ஓரங்களில் கொஞ்சம் மங்கும். பளபளக்கிற ஸ்டீல் விளிம்பு இருட்டுப் பின்னணியில் வந்தால் ஊதா நிறத்தில் ஒரு கோடு போடும். கிரைண்டிங்கில் ஷாஃப்ட் கருகிவிட்டது என்று ஸ்டோர்காரர் ஒருமுறை பதறியதும் அதனால்தான். அகலத்தின் கடைசியில் வளைக்கும். பாதி ஜூமில் யோக்கியமாக இருக்கும். இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டால் அது அருமையான கேமரா. நான்கு மாதம் கையில் வைத்திருந்தும் தெரிந்துகொள்ளாதது என் குற்றம், கேமராவின் குற்றமில்லை.

வியாழக்கிழமை மூன்று பிரிண்டோடு ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனேன். இத்தனை உசத்தியான கேமரா அப்படிச் செய்யுமா என்றுதான் ஆரம்பித்தார். பிரிண்டுகளை வரிசையாக வைத்தேன். அவரும் இன்ஜினியர். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புரிந்துவிட்டது. நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்குப் புரியுது, எனக்கும் புரியுது. வாங்கறவனுக்குப் புரியோணுமில்லீங்க? லென்ஸ் வளைஞ்சுபோச்சுன்னு எழுதுனா சாக்குச் சொல்றோமுன்னு நெனப்பான். ஒரு ஆளத் தூக்கிப்போட்டமுன்னு எழுதுனா அவன் கோவம் அடங்கும். ஆறு மாசம் போவட்டும், கிட்டுச்சாமியத் திரும்பக் கூப்பிட்டுக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. ஐந்து மெஷின் ஆர்டரும், அதை நம்பியிருந்த இருநூறு பேரும் அவர் தலைமேல் இருந்தார்கள். ஆனால் ஆறு மாதம் கிட்டுச்சாமி என்ன செய்வார் என்று கேட்டேன். இல்லாத பள்ளத்தை இருக்கிறது என்று நான் எழுதிக்கொடுத்தால், நாளைக்கு இருக்கிற பள்ளத்தை இல்லை என்று எழுதச் சொன்னாலும் எழுத வேண்டியதுதானே என்றும் கேட்டேன். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போட மாட்டனுங்க," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுங்க."

"உங்க எடத்துக்கு வேற ஆள் வரலாமுங்க."

"வரட்டுங்க. அவரும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சுத்தானுங்க பாக்கோணும்."

அதற்குள் டீ வந்துவிட்டது. இரண்டு பேரும் குடித்தோம். சர்க்கரை போதுமா என்று அவர் கேட்டார், போதுமுங்க என்றேன். எங்கள் பக்கத்துச் சண்டை அப்படித்தான் இருக்கும். கையெழுத்தில்லாத காகிதம் நடுவில் கிடந்தது.

மதியம் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். மூன்று படத்தை மூன்று ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒரு ஃப்ளாப்பிக்கு ஒரு படம்தான் கொள்ளும். லைன் இரண்டு முறை அறுந்தது. மூன்றும் போய்ச்சேர மாலை ஐந்து மணியாகிவிட்டது. வாங்குநருக்கு நான் எழுதியதன் சாரம் இது: படம் எடுத்தவன் நான், எந்தப் படத்தை அனுப்புவது என்று சொன்னவனும் நான். இந்த மூன்று படத்திலும் இருப்பது ஒரே பெட், எடுத்தது ஒரே காலை. என் அளவை நம்ப வேண்டாம், என் படங்களையும் நம்ப வேண்டாம். உங்கள் ஏஜென்ட் கொச்சியில் இருக்கிறார். பெட்டியைத் திறக்கச் சொல்லி, உங்கள் ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஆபரேட்டரின் பெயரை எழுத வேண்டாம்.

ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஜெனரல் மேனேஜர் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் தொழிற்சாலைக்குப் போய் அவர் கையிலேயே கொடுத்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. நின்றபடியே படித்தார். இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். "போயிட்டு வாங்க," என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை. நீக்கக் கடிதம் டைப் அடித்துத் தயாராக மேசையில் இருந்தது. அவர் அனுப்பவுமில்லை, கிழிக்கவுமில்லை. நான் செய்ததைக் கிட்டுச்சாமியிடம் சொன்னேன். அவர் பிளேனரை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "எதுக்குங்க உங்க பேரக் குடுத்தீங்க? போர்டு எழுதுன பெயிண்டர் பேரக் குடுத்திருந்தா ஆச்சுங்களே," என்றார். சிரித்தார் என்றுதான் டைரியில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று அவர் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை என்பதையும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி, திங்கள், பதினொரு மணிக்கு ஃபேக்ஸ் வந்தது. ஏஜென்ட் பெட்டியைத் திறந்து அளந்தார், பெட் வரம்புக்குள் இருக்கிறது, கப்பலில் ஏற்றலாம். மன்னிப்பு, வருத்தம் எதுவும் இல்லை. கடைசியில் மட்டும் ஒரு வரி: இனிமேல் பூ வைக்காத படமாக அனுப்பவும்.

கிட்டுச்சாமி மிச்ச மூன்று பெட்டையும் பிளேன் பண்ணினார். அதே மெஷினில் நின்றே ஓய்வு பெற்றார்.

அதே திங்கள் மாலை எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வாங்குநருக்குக் கடிதம் எழுதியதற்குக் கண்டனம். கேமராவை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, கிட்டப் பார்வைப் படம் எடுக்க வேறு யாருக்கும் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய சீஃப் இன்ஸ்பெக்டர் பதவி வேறொருவருக்குப் போனது. வாங்குநருக்கு நானே எழுதியது முறையில்லை என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். முறை இல்லைதான். கிட்டுச்சாமியை அனுப்புவது எந்த முறையில் சேரும் என்று அவர்களைக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் கைபேசி லென்ஸ் வளைத்ததைத் தானே நிமிர்த்திக் காட்டிவிடுகிறது. எதை நிமிர்த்தியது, எவ்வளவு நிமிர்த்தியது என்று அது உங்களிடம் சொல்வதில்லை. படத்தில் ஒரு குறை தெரிந்து, அதற்குக் கீழே ஒரு ஆளின் பெயரை எழுதச் சொன்னால், முதலில் எழுந்து பொருள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கையில் ஸ்ட்ரெய்ட் எட்ஜோடு போங்கள். என்னை மாதிரி பிரிண்டோடு போகாதீர்கள். அந்த ஆளிடமும் படத்தைக் காட்டுங்கள். நீங்கள் பார்க்காததை அவர் பார்ப்பார்.

நான் ஓய்வு பெற்ற அன்று பர்சனல் ஆபீசர் என் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். இளைஞர், தங்கமான பிள்ளை. அந்த மெமோ இருந்த பக்கத்தில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், வருத்தம் தெரிவிக்கறேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துப்போடுங்க. இத நான் எடுத்துப்போடறேன். கோப்பு சுத்தமா இருக்குமுங்க."

பேனாவையும் மூடி திறந்து நீட்டினார்.

"எடுக்காதீங்க கண்ணு," என்றேன். "அந்தக் கோப்புல நான் படிச்சுப் பாக்கற மாதிரி இருக்கற காயிதம் அது ஒண்ணுதான்."